சீர்த்தட்டில் வந்த சாயம்

பிளெக்ஸைப் பார்த்ததும்தான் பொன்செல்விக்குக் கோபம் வந்தது என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். அந்தக் கோபம் அவளுக்குப் பதிமூன்று வயதில் வந்தது. பிளெக்ஸ் வந்த அன்றைக்கு அது ஊருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

கல்லிடைக்குறிச்சியில் ரயில்வே கேட்டை ஒட்டிய தெரு. தெருமுனையில் மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கயிறு கட்டி அதை நிறுத்தியிருந்தார்கள். மேலே ‘பூப்புனித நீராட்டு விழா’, அதற்குக் கீழே ‘செல்வி இசக்கிதுர்கா’. ஓரத்தில் தாய்மாமன் கணேஷ்ராம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்கிறவன் மாதிரி கும்பிட்டபடி நின்றான். நடுவில் ஆள் உயரத்துக்கு துர்கா, பொன்செல்வியின் ஒரே மகள், எட்டாம் வகுப்புப் பிள்ளை. சிரிப்பு பிள்ளையுடையதுதான். கன்னத்து மச்சமும் அவளுடையதுதான். முடி மட்டும் அவளுடையது இல்லை.

துர்காவுக்கு நெற்றிக்கு மேலே ஒரு பிடி முடி வெள்ளை வெளேரென்று இருக்கும். காதோரங்களிலும் உச்சியிலும் அங்கங்கே நரை ஓடும். பிளெக்ஸில் இருந்த பெண்ணுக்கோ தார் ஊற்றிய ரோடு மாதிரி ஒரே கறுப்பு.

பொன்செல்வி தெருவில் நின்றபடியே அம்பாசமுத்திரத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் முத்துமாலைக்கு போன் போட்டாள். என் பிள்ளை தலையைக் கறுப்பாக்கச் சொன்னது யார் என்று கேட்டாள். அவன் பதறவே இல்லை. யாரும் சொல்லவில்லை, வழக்கமாக எல்லாருக்கும் செய்வதுதான், முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குவோம், முடியைக் கொஞ்சம் கறுப்பாக்குவோம், இதற்கென்று தனியாகக் காசு எதுவும் வாங்குவதில்லை என்று பெருமையாகச் சொன்னான். உபகாரம் செய்தவனிடம் எப்படிச் சண்டை போடுவது? போனை வைத்துவிட்டாள். அடுத்த நிமிஷம் தூத்துக்குடியிலிருந்து அண்ணன் கணேஷ்ராமின் பெண்டாட்டி பிரேமலதா கூப்பிட்டாள். படம் போனில் வந்ததாம், ரொம்ப லட்சணமாக இருக்கிறதாம்.

“பிள்ளையும் அன்னைக்கு இதே மாதிரி இருக்கணும்லா, செல்வி” என்றாள் பிரேமலதா.

அந்தப் பேச்சின் அர்த்தம் பொன்செல்விக்கு உடனே புரிந்தது. படத்துக்குச் சாயம் அடித்தாயிற்று, இனி பிள்ளைக்கும் அடி. அதாவது, பிளெக்ஸுக்குப் பொருந்துகிற மாதிரி பிள்ளையை மாற்ற வேண்டுமாம்.

இந்தக் கோபம் புரிய வேண்டுமென்றால் அவள் தலையின் கதையைச் சொல்ல வேண்டும். அவளுக்கும் இப்படித்தான், துர்கா வயதிலேயே நரை. அவள் சடங்கு அன்றைக்குக் காலையில், நாற்று நடப் போய்க் கால் விரலெல்லாம் வெடித்துப்போன அவள் அம்மா வடிவம்மாள், ஒரு சிரட்டையில் கறுப்புப் பொடியைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய பல் பிரஷால் மகள் தலையில் அப்பினாள். பிள்ளை எரிகிறது என்று துள்ளினாள். பெரியவளாகிவிட்டாய், இனி நரைத்த தலையோடு நாலு பேர் முன்னால் நிற்கக் கூடாது, பொறுத்துக்கொள் என்று வடிவம்மாள் தோளைப் பிடித்து அமுக்கினாள். கெட்ட மனுஷி இல்லை. நரைத்த பெண்ணை எவனும் கட்டமாட்டான் என்று பயந்தவள். ஆனால் பயந்தவள் கையால் பட்டாலும் தீ தீதான். அன்றைக்கு எரிந்த இடத்தை பொன்செல்வி இன்னும் விரலால் தொட்டுக் காட்டுவாள்.

ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதுதான் இந்தச் சாயத்தின் சூது. கறுப்பு முடிக்கு அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். பார்த்ததும் மறுபடி அடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் அடித்தாள், கொடை விழாவுக்கு முன்னால் அடித்தாள், பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அவசர அவசரமாக அடித்தாள். பெருமாள்ராஜ் அவளைக் கறுப்பு முடிக்காரி என்று நினைத்துத்தான் கட்டினான். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன், அறுவடைக் காலத்தில் ஊர் ஊராகப் போய்விடுவான். கல்யாணம் ஆன சில நாளிலேயே தலையணை உறை காட்டிக் கொடுத்துவிட்டது. அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவன் அம்மாதான், நரைத்ததைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கண்மூடும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு வேலை. திருநெல்வேலி டவுணில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, சேலைப் பிரிவு. காலை பாசஞ்சரில் ஏறினால் பொழுது அடைந்துதான் திரும்புவாள். வேலைக்கு நிற்கிற பெண்கள் பூ வைக்க வேண்டும், சிரிக்க வேண்டும், தலை கறுப்பாக இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம். இதற்குள் அவள் உடம்புக்குச் சாயம் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தது. அடித்த மறுநாள் காதுக்குப் பின்னால் தோல் வெந்து நீர் கட்டும், கண் இமை வீங்கும். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா இனிமேல் தொடவே கூடாது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த முறையும் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மாவா சம்பளம் தருகிறார்?

அடித்த மறுநாளெல்லாம் துர்காதான் அந்த வெந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். இது என்னம்மா என்று சின்னதில் ஒரு தடவை கேட்டாள். வேர்க்குரு என்றாள் பொன்செல்வி. பிள்ளை நம்பிவிட்டது என்றே நினைத்திருந்தாள்.

துர்காவுக்கு முதல் வெள்ளை தெரிந்தபோது பொன்செல்வி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சத்துக் குறைவாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, குடும்பவாகு என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ‘கிழவி’ என்று பெயர் விழுந்தது. இதில் ஒரு கூத்தைக் கேளுங்கள். துர்கா வகுப்பிலேயே ஒருத்தி முன்முடியில் ஒரு கற்றை சிவப்பு அடித்துக்கொண்டு வந்தாள். இந்த வயதில் முடிக்குக் கலரா, ஒழுக்கம் கெட்டுப்போச்சா என்று அவளை வாசலிலேயே நிறுத்தினார் ஒரு டீச்சர். அதே டீச்சர் பொன்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு, துர்காவுக்குக் கறுப்பு டை அடித்துவிட்டால் பிள்ளை தைரியமாக இருப்பாளே என்று அக்கறையாகச் சொன்னார். சிவப்புக்கு வராத வயது கறுப்புக்கு மட்டும் வந்துவிடுமா என்று பொன்செல்விக்கு நாக்கு நுனிவரை வந்தது. டீச்சர் ஆயிற்றே என்று முழுங்கிக்கொண்டாள்.

துர்காவும் விடவில்லை. எனக்கும் அடித்துவிடு என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டாள். வயது வரட்டும் என்பாள் பொன்செல்வி. எந்த வயது என்று பிள்ளை கேட்டால் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல வராது. பத்தாவது முடியட்டும் என்பாள், பிறகு காலேஜ் போகட்டும் என்பாள், கடைசியில் பதினெட்டு என்று ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுப் போடுகிற வயதில் உன் தலைக்கு நீயே முடிவு சொல் என்றாள். அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் அம்மா என் தலையில் ஆரம்பித்ததை என் மகள் தலையில் நான் ஆரம்பிக்கமாட்டேன்.

சித்திரையில் துர்கா வயதுக்கு வந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி உட்கார வைத்த அன்றைக்கே பிள்ளை மறுபடி அதையே எடுத்தாள். இல்லை என்றதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“நீ மட்டும் அடிக்கலாமா?” என்று கேட்டுவிட்டாள்.

பொன்செல்வி கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது, ஏனென்றால் பிள்ளை கேட்டதில் தப்பு இல்லை. விறுவிறுவென்று உள்ளே போய், சாயம் கலக்கும் கிண்ணம், பிரஷ், மிச்சமிருந்த பாக்கெட் எல்லாவற்றையும் அள்ளி எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடிக் குப்பையில் வீசிவிட்டு வந்தாள். சபதமும் இல்லை, ஞானோதயமும் இல்லை, வெறும் வீம்பு. ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் டை அடிக்கவில்லை.

சடங்கை ஆவணியில் ஊரைக் கூட்டிச் செய்யலாம் என்று கணேஷ்ராம் நாள் குறித்தான். அதற்குள் பொன்செல்வி தலை இரண்டு நிறமாகிவிட்டது, மேலே வெள்ளை, கீழே பழைய கறுப்பு. பார்க்க நன்றாகத்தான் இல்லை, அவளுக்கே தெரியும். கடையில் மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார். நான் தலையைக் காட்டிச் சேலை விற்கவில்லை, வாயாலும் கையாலும் விற்கிறேன் என்றாள். மறுநாளே அவளைச் சேலைப் பிரிவிலிருந்து தூக்கி, கீழ்த்தளத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையில் போட்டார்கள். இருபது வருஷத்து வாடிக்கையாளர்கள் அவளைத் தேடி மேலே போய்த் திரும்பினார்கள். வீட்டில் பெருமாள்ராஜ், எதற்கு வம்பு, ஒரு தடவை அடித்துத் தொலை என்றான். அன்றைக்கு அவனுக்குச் சோறு அவனே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிளெக்ஸ் வந்தது இந்த நிலைமையில். இப்போது சொல்லுங்கள், அவளுக்கு வந்தது ஒரு நாள் கோபமா?

சடங்குக்கு முந்தின நாள் அண்ணனிடம் போனிலேயே தெளிவாகச் சொன்னாள். சேலை கொண்டு வா, வளையல் கொண்டு வா, மேளம் வை, எல்லாம் உன் உரிமை. பிள்ளை தலைமுடி மட்டும் உன் உரிமை இல்லை. சரி, சரி, சடங்கு நல்லபடியாக நடக்கட்டும் என்று கணேஷ்ராம் பட்டும் படாமலும் பேசி வைத்துவிட்டான். அந்தச் ‘சரி’யை அவள் நம்பியதுதான் தப்பு.

மறுநாள் பந்தல் நிறைய ஆள். துர்காவுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தலை துவட்ட உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். அலங்காரம் செய்ய அழகுநிலையத்துப் பெண் ஒருத்தியைப் பிரேமலதா தன் செலவிலேயே வரவழைத்திருந்தாள். வாசலில் மேளச் சத்தத்தோடு தாய்மாமன் சீர் இறங்கியது. ஒவ்வொரு தாம்பாளமாக பொன்செல்வி வாங்கி வரிசையாக வைத்தாள். வாழைப்பழம், தேங்காய், மைசூர்பாகு, பட்டுச்சேலை. கடைசித் தட்டில் கண்ணாடி, சீப்பு, பவுடர், வளையல். வளையலுக்குப் பக்கத்தில் ரோஜாப்பூ செருகி அழகாக நிறுத்தி வைத்திருந்தன இரண்டு ஹேர் டை பாக்கெட்டுகள். அட்டையில் ஒரு பெண் முடியை விசிறிக்கொண்டு சிரித்தாள்.

பார்க்காதவர்கள் யாரும் இல்லை. பின்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது பொன்செல்விக்குக் கேட்டது.

“ஒண்ணு பிள்ளைக்கு, இன்னொண்ணு உனக்கு” என்றாள் பிரேமலதா. “போட்டோல ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்லா.”

மாமன் சீரை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. தட்டை வாங்கினால் உள்ளே இருப்பது எல்லாவற்றையும் வாங்கியதாகத்தான் அர்த்தம். பொன்செல்வி அந்த இரண்டு பாக்கெட்டையும் தட்டிலிருந்து எடுத்துப் பிரேமலதா கையிலேயே வைத்தாள். மீதித் தட்டை வரிசையில் வைத்தாள். மேளக்காரர்கள் கூட ஒரு நொடி தடுமாறினார்கள். பெருமாள்ராஜ் ஓடி வந்து, ஆட்கள் இருக்கிறார்கள், பைய, பைய என்று அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு உள்ளறைக்குப் போனாள். வாசலில் இரண்டு பாக்கெட் என்றால் உள்ளே மூன்றாவது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

இருந்தது. துர்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தோளைச் சுற்றி ஒரு பழைய துண்டு. அழகுநிலையத்துப் பெண் கிண்ணத்தில் கறுப்பைக் குழைத்து முடித்து, கையுறை மாட்டிக்கொண்டு, பிரஷைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பொன்செல்விக்குக் காதுக்குப் பின்னால் தானாகவே எரிந்தது.

கையை எடு என்று அவள் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் பிரஷைக் கீழே போட்டுவிட்டாள். பின்னாலேயே கணேஷ்ராம் வந்து நிலைப்படியில் நின்றான். முகம் சிவந்திருந்தது. சீரைத் திருப்பிக் கொடுத்து ஊர் முன்னால் தன்னைச் செருப்பால் அடித்துவிட்டாள் என்றான். நரைத்த தலையோடு தன் மருமகள் மணையில் உட்கார்ந்தால் நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான் என்றான். தெருமுனையில் படம் ஒரு மாதிரி, பிள்ளை ஒரு மாதிரி இருந்தால் ஊர் சிரிக்காதா என்றான்.

“பெரியவளாயிட்டா. இனிமே டை அடிச்சா என்ன கெட்டுப்போச்சு?”

பொன்செல்வி திரும்பி அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

“உன் மவ காலேஜில படிக்கா. பிரவுன் கலர் அடிக்கணும்னு கேட்டதுக்கு, இந்த வயசுல கலர் என்னட்டி கலர்னு கை ஓங்குனது நீதான? பத்தொம்பது வயசுக்காரிக்கு வராத வயசு என் பிள்ளைக்கு மட்டும் எங்கன இருந்து வந்துச்சு?”

“அதுவும் இதுவும் ஒண்ணாளா? அது ஸ்டைலுக்கு. இது மறைக்கதுக்கு.”

“மறைக்க இவ என்ன தப்பு செஞ்சா?”

பதில் வராத ஆம்பிளைகள் வழக்கமாகச் செய்வதைக் கணேஷ்ராமும் செய்தான். இன்றைக்கு இந்தத் தலைக்குச் சாயம் ஏறவில்லை என்றால் இனி இந்த வாசலில் கால் வைக்கமாட்டேன், அண்ணன் செத்துப்போனான் என்று நினைத்துக்கொள் என்றான். அவன் பின்னால் பிரேமலதா, அவள் பின்னால் பெருமாள்ராஜ், ஜன்னல் வழியாக யார் யாரோ. எல்லாரும் பொன்செல்வியைப் பார்த்தார்கள், கிண்ணத்தைப் பார்த்தார்கள். நாற்காலியில் இருந்த பிள்ளையின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அதுதான் பொன்செல்விக்கு உச்சி மண்டைக்கு ஏறியது.

“பெரியவளாயிட்டா, பெரியவளாயிட்டான்னு தெருவெல்லாம் கட்டி வச்சிருக்கிய. உங்கள்ல ஒருத்தராவது அவகிட்ட கேட்டியளா? அவ சொல்லட்டும். அவ வேணும்னா அடிங்க, நான் குறுக்க நிக்கல.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என்ன காரியம் செய்துவிட்டேன்? வருஷா வருஷம் கேட்ட பிள்ளை. கிழவி என்று பெயர் வாங்கி, ரிப்பனை நெற்றிவரை இழுத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. இத்தனை நாள் காத்து நின்றதை ஆத்திரத்தில் ஒரு நொடியில் கை நழுவ விட்டாயிற்று. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கவும் அவள் வீம்பு விடவில்லை.

துர்கா கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். அழகுநிலையத்துப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள்.

“எரியுமாக்கா?”

அந்தப் பெண் பாவம், இவ்வளவு சண்டைக்கு நடுவில் தன்னிடம் ஒருத்தி மரியாதையாகப் பேசிய சந்தோஷத்தில் நிஜத்தையே சொன்னாள். “முதல்ல லேசா எரியும். பெறகு பழகிடும்.”

துர்கா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால், அவள் எத்தனையோ தடவை எண்ணெய் தடவிய இடத்தைப் பார்த்தாள்.

“எங்கம்மைக்குப் பழகலயே” என்றாள்.

துர்கா தோளில் கிடந்த துண்டைத் தானே அவிழ்த்து மடியில் வைத்தாள். “இப்ப வேண்டாம் மாமா. வேணும்னா பெறகு நானே சொல்லுதேன்” என்றாள். தலையைக் குனியவில்லை.

கணேஷ்ராம் பந்தலுக்குப் போனான். சாப்பாட்டுக்கு உட்காரவில்லை, கிளம்பவும் இல்லை, வேன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். பெருமாள்ராஜ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கொல்லைச் சாக்கடையில் அதைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது.

பொன்செல்வி அதே இடத்தில் நின்றாள். வேர்க்குரு என்று சொன்ன பொய்யைப் பிள்ளை எத்தனை வருஷமாகத் தெரிந்தே தடவிக்கொண்டிருந்தது? அழுதால் பிரேமலதா பார்ப்பாள். சடங்கு வீட்டில் அம்மாக்காரி அழக் கூடாது. இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபத்துக்கு அந்த அறையில் எதிரி யாருமே மிச்சம் இல்லை. கையில் மல்லிகைச் சரத்தோடு வாயைப் பிளந்து நின்ற அழகுநிலையத்துப் பெண் ஒருத்திதான் கண்ணில் பட்டாள்.

“என்னத்தப் பாத்துட்டு நிக்க?” என்று அவளிடம் கத்தினாள். “நேரமாவுதுல்லா, பூவை வையி. முன்னால அந்த வெள்ளை முடி வெளிய தெரியட்டும், அதை மறைக்காம வையி.”